முறுக்கு கிளப்: சந்தா கட்டியவரின் அனுபவம்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனைப் பட்சணக் கடைக்காரர் விளம்பரத்துக்காக விளையாட்டாக ஆரம்பித்த முறுக்கு கிளப்பில் நான் பழைய உறுப்பினர். புதுசாகச் சேர நினைப்பவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதுகிறேன்.

சேரும்போது ஓர் உறுதிமொழி உண்டு: "முறுக்கைக் காபியில் நனைக்க மாட்டேன்." பல் செட் வைத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. கல்யாணச் சீர் முறுக்குக்குச் சுற்றுக் கணக்குப் பார்ப்போம் இல்லையா, அதையே பதவியாக்கிவிட்டார்கள். எல்லோரும் ஒற்றைச் சுற்றில் ஆரம்பித்து, வாங்க வாங்க மூன்று, ஐந்து, ஏழு என்று ஏற வேண்டும். பதினோரு சுற்று எட்டிய மாமா ஒருவர் கடை வாசலில் என்னைப் பார்த்தால், "ஏம்மா, இன்னும் அஞ்சுலயே சுத்திண்டிருக்கியா?" என்பார்.

காசு மிச்சம் பிடிக்கலாம் என்று சேராதீர்கள். தள்ளுபடிப் புள்ளிகள் தீபாவளிக்கும் கிருஷ்ண ஜயந்திக்கும் செல்லாது. அந்த இரண்டையும் விட்டால் கிலோக் கணக்கில் யார் முறுக்கு வாங்குகிறார்கள்?

ஆனாலும் நான் சந்தாவைப் புதுப்பிப்பதற்குக் காரணம், என்றைக்குச் சுட்டது என்று வாட்ஸப்பில் அன்றன்றே சொல்லிவிடுவதுதான். எண்ணெய்ச் சூட்டில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போவதால்தான் முறுக்கு மொறுமொறுவென்று இருக்கிறது. கடற்கரை ஊரான சென்னையின் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் முறுக்கு அந்த ஈரத்தை இழுத்து நமத்துவிடும். நமத்ததை வாணலியில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் புரட்டித் தேற்றிவிடலாம். காறல் வாடை அடித்தால் ஒன்றும் செய்ய முடியாது, அது எண்ணெயே கெட்டுப்போனதன் அடையாளம். வேறொரு கடையில் பளபளக்கும் பாக்கெட்டில் அப்படி வாங்கி ஏமாந்த பிறகு, சுட்ட தேதி தெரியாமல் நான் வாங்குவதில்லை.

எப்போதாவது ருசி பார்க்கும் கூட்டமும் நடக்கும். ஒருமுறை மணப்பாறை முறுக்கை வரவழைத்திருந்தார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. ருசிக்கு ஊர்த் தண்ணீரின் உப்புத்தன்மைதான் காரணம் என்பார்கள். எங்கள் கடை முறுக்கோடு வைத்துத் தின்றதில் மணப்பாறைதான் ஜெயித்தது. கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கைமுறுக்கு சுற்றக் கற்றுக்கொடுக்க ஒரு மாமியையும் அழைத்தார்கள். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி அரைத்த மாவு, வறுத்தரைத்த உளுத்தம் மாவு, வெண்ணெய், சீரகம், உப்பு, பெருங்காயம். வெண்ணெய் கூடினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும், உளுந்து கூடினால் கடிக்க முடியாது. இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே வட்டம் போடும் வேகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். எனக்கு இன்னும் மூன்று சுற்றுக்கு மேல் கை வளையவில்லை.

குறை என்றால், முள்ளு முறுக்கு, தேன்குழல், ரிப்பன் பக்கோடாவுக்கெல்லாம் இங்கே மரியாதை கிடையாது. அச்சில் பிழிந்ததற்குச் சுற்றுப் புள்ளியே தருவதில்லை. என் வீட்டுக்காரருக்குத் தேன்குழல்தான் உயிர், அதனால் அவர் சேரவே மறுத்துவிட்டார்.

சேர்வதானால் தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு சேருங்கள், நிதானமாகப் பேசுவார்கள். வாட்ஸப் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களுக்குப் பயந்து மொத்தமாக மியூட் போட்டுவிடாதீர்கள், சுட்ட தேதியும் அதில்தான் வரும்.