எஸ்ஏக்களைக் கட்டி மேய்த்த கதை: ஸ்ட்ராங்ஸ்வானுடன் பல ஆண்டுகள்

சிங்கப்பூரில் துவாஸில் கிடங்கு, ஊபியில் தலைமை அலுவலகம், பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் இன்னொரு கூடம், கணக்குப் பிரிவோ சென்னை அம்பத்தூரில். இந்த நான்கு இடங்களுக்கும் இடையே ஓடும் தரவைக் குறியாக்கம் செய்து அனுப்புவது என் பொறுப்பு. அதற்கு லினக்ஸில் ஓடும் ஸ்ட்ராங்ஸ்வான் என்ற மென்பொருளைத்தான் பல ஆண்டுகளாக நம்பியிருக்கிறேன். அதன் வேகத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எஸ்ஏ (எந்தச் சாவி, எந்தக் குறியாக்க முறை என்று இரு முனைகளும் செய்துகொள்ளும் உடன்பாடு) ஒன்றிரண்டு இருக்கும்போது சாதுவாக இருக்கும் ஐபிசெக் என்ற குறியாக்க நெறிமுறை, அவை கூட்டமாகச் சேர்ந்ததும் என்ன பாடுபடுத்தும், அதை இந்த மென்பொருள் எப்படிச் சமாளிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாம் ‘டனல்’ என்று வாய்க்கு வந்தபடி சொன்னாலும், இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் அப்படி ஒரு பொருள் இருக்க வேண்டியதே இல்லை. அங்கே இருப்பவை எஸ்ஏக்கள். ஒவ்வொன்றும் ஒருவழிப் பாதை. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் எஸ்பிஐ என்ற 32 பிட் எண். இவற்றுக்காகப் பேச்சுவார்த்தை நடத்த மேலே ஓர் ஐகேஇ எஸ்ஏ (ஐகேஇ என்பது சாவிப் பரிமாற்ற நெறிமுறை). 1998இல் வந்த ஐபிசெக் தர ஆவணமான ஆர்எஃப்சி 2401இல் ‘எஸ்ஏ பண்டில்’ என்றே ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரே பொட்டலத்தை ஈஎஸ்பி (குறியாக்கத்துக்கு), ஏஎச் (சரிபார்ப்புக்கு) என்று அடுத்தடுத்த எஸ்ஏக்கள் வழியே அனுப்புவார்கள். 2005இல் வெளியான 4301 அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் கூட்டம் குறையவில்லை, வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

அந்த வாசல் சப்நெட், அதாவது வலையமைப்பின் உட்பிரிவு. ஐகேஇ இரண்டாம் பதிப்பில் ஒரே சைல்டு எஸ்ஏவுக்குள் (ஐகேஇ எஸ்ஏவின் கீழ் பிறந்து தரவைச் சுமக்கும் ஜோடி) பல சப்நெட்டுகளை அடக்கலாம். ஆனால் நாங்கள் தொடர்பு வைத்திருக்கும் ஒரு கூட்டாளி நிறுவனத்தின் ஃபயர்வால், ஒரு சைல்டு எஸ்ஏவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்ற கணக்குக்கு மேல் ஏற்காது. எங்கள் பக்கம் 4 சப்நெட், அவர்கள் பக்கம் 5 என்றால் 20 ஜோடி, அதாவது 40 எஸ்ஏ. இரண்டு அலுவலகங்கள் பேசிக்கொள்ள இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.

இந்த இடத்தில்தான் ஸ்ட்ராங்ஸ்வானின் கட்டளைக் கருவியான ஸ்வான்சிடிஎல் கைகொடுக்கிறது. ஒவ்வொரு சைல்டுக்கும் பெயர் வைக்கலாம். ‘துவாஸ்-ஸ்கேனர்’, ‘ஊபி-கணக்கு’ என்று பொருள் விளங்கும் பெயர்களையே வைத்திருக்கிறேன். எஸ்ஏ பட்டியலைக் கேட்டால் பெயர், வரிசை எண், ரெக்ஐடி, குறியாக்க முறை, பிறகு உள்ளே எத்தனை பைட், வெளியே எத்தனை பைட், கடைசியாக எத்தனை நொடிகளுக்கு முன் பொட்டலம் போனது என்று எல்லாம் வந்துவிடும். வெளியே மெகாபைட் கணக்கில் போய்க்கொண்டிருக்க, உள்ளே சுழியமாக இருந்தால், நம் பக்கத்தைக் கிளறுவதற்கு முன் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு போன் போட வேண்டும் என்று பொருள். சாவி புதுப்பிக்கும்போது எஸ்பிஐ மாறும், வரிசை எண் மாறும். பெயரும் ரெக்ஐடியும் மாறுவதில்லை. ரெக்ஐடிதான் கெர்னலில் உள்ள பாலிசியையும் (எந்தப் பொட்டலத்தைக் குறியாக்க வேண்டும் என்ற விதி) எஸ்ஏவையும் முடிச்சுப்போடும் எண். கண்காணிப்பு நிரலை எஸ்பிஐயை வைத்து எழுதுகிறவர்கள் மணிக்கொரு முறை பொய் எச்சரிக்கை வாங்குவார்கள்.

இனி, எல்லோரையும் ஒருமுறையாவது படுத்தும் சிக்கல். அம்பத்தூரில் ஃபயர்வாலை மாற்றிய மறுநாள் அங்குள்ள தம்பி அழைத்தார். “காலையில் நன்றாகத்தான் வேலை செய்தது அண்ணே, ஒரு மணி நேரம் ஆனதும் நின்றுவிடுகிறது. மறுதொடக்கம் செய்தால் வந்துவிடுகிறது, மறுபடியும் நிற்கிறது” என்றார். “இணைப்புச் சேவைக்காரர்களைக் கேட்கட்டுமா?” என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரம் என்ற சொல்லே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

காரணம் இதுதான். ஐகேஇ இரண்டாம் பதிப்பில் முதல் சைல்டு எஸ்ஏ, அடையாளச் சரிபார்ப்போடு சேர்ந்தே பிறக்கிறது. அதற்குத் தனியாக டிஃபி-ஹெல்மன் பரிமாற்றம் (இரு முனைகளும் சேர்ந்து ரகசியச் சாவியை உருவாக்கும் முறை) கிடையாது. தாய் எஸ்ஏவின் சாவியிலிருந்தே தன் சாவியை எடுத்துக்கொள்கிறது. எனவே சைல்டுக்கென்று நாம் எழுதிய டிஃபி-ஹெல்மன் குழு (அந்தக் கணக்குக்கான எண்களின் தொகுப்பு) இரு பக்கமும் பொருந்துகிறதா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. சாவி புதுப்பிக்கும் நேரத்தில்தான் அது மேசைக்கு வருகிறது. எங்கள் பக்கம் குழு 19, புதிய ஃபயர்வாலில் குழு 14. பதிவேட்டில் ‘நோ ப்ரொபோசல் சோசன்’, அதாவது எந்த முன்மொழிவும் பொருந்தவில்லை என்ற வரி. ஸ்ட்ராங்ஸ்வானில் இயல்பான புதுப்பிப்பு நேரம் 1 மணி, ஆயுள் அதைவிட 10 விழுக்காடு கூடுதல், ஆக 66 நிமிடத்தில் பழைய எஸ்ஏ உயிரை விட்டுவிடும். இதே முரண்பாடு மேலே சொன்ன 20 ஜோடிக் கூட்டத்தில் இருந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். முதல் ஜோடி மட்டும் எழும்பும். மீதி 19 ஜோடிகளும் தனித்தனிக் கோரிக்கையாகப் போவதால் அப்போதே தடுக்கப்படும்.

அதனால் எந்தப் புதிய இணைப்பைப் போட்டாலும், பிங் வந்துவிட்டதென்று நான் எழுந்து போவதில்லை. சாவியைப் புதுப்பிக்கும் ஸ்வான்சிடிஎல்லின் ரீகீ கட்டளையை ஒவ்வொரு சைல்டுக்கும் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கணினியை மூடுவேன்.

புதுப்பிப்பு நேரங்கள் ஒரே நொடியில் முட்டிக்கொள்ளாமல் இருக்க, மென்பொருளே ஒவ்வொரு எஸ்ஏவுக்கும் சில நிமிடங்களைத் தற்போக்காகக் கழித்துக்கொள்கிறது. பழைய உள்வரும் எஸ்ஏவை உடனே அழிக்காமல் 5 நொடி வைத்திருப்பதால், வழியில் இருக்கும் பொட்டலங்களும் வீணாவதில்லை. இவை இரண்டையும் தொட வேண்டியதில்லை. ஆனால் 10 கிகாபிட் இணைப்பு வைத்திருப்பவர்கள், எஸ்ஏ ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இடும் வரிசை எண்ணைக் கவனிக்க வேண்டும். 1400 பைட் பொட்டலங்களாக முழு வேகத்தில் போனால் 32 பிட் வரிசை எண் ஏறத்தாழ 80 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 64 பிட் நீட்டிப்பை இயக்கிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. அமைவுக் கோப்பைத் திருத்தி மீண்டும் ஏற்றினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எஸ்ஏக்கள் பழைய அமைவிலேயே ஓடும். நாமாக நிறுத்தி எழுப்ப வேண்டும். புதியவர்களுக்கு இது பெரிய குழப்பம். மூடிய எஸ்ஏவைத் திறக்கச் சொல்லும் அமைவை இரு முனைகளிலும் போட்டுவிட்டால் ஒரே பெயரில் இரட்டை எஸ்ஏக்கள் முளைக்கும். ஒரு முனை அழைக்கட்டும், மறுமுனை காத்திருக்கட்டும். கெர்னலின் ஐபிசெக் பகுதியான எக்ஸ்ஃப்ர்மின் புள்ளிவிவரக் கோப்பில் ‘இன் நோ ஸ்டேட்ஸ்’ எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், இல்லாத எஸ்ஏவுக்கு எதிர்ப்பக்கம் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். ஆனால் எந்த இணைப்பில் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது.

எங்கள் சொந்த இடங்களுக்குள் இந்தக் கூட்டத்தையே கலைத்துவிட்டேன். லினக்ஸ் 4.19 முதல் எக்ஸ்ஃப்ர்ம் இடைமுகம் இருக்கிறது. எல்லா முகவரிகளையும் ஏற்கும் ஒரே ஒரு சைல்டு எஸ்ஏ போட்டு, எது எங்கே போக வேண்டும் என்பதை ரவுட்டிங் அட்டவணையிடம் விட்டுவிட்டேன். ஜொகூரில் புதிதாக ஒரு சப்நெட் சேர்ந்தால் ஒரு ரவுட் வரி போதும், எஸ்ஏ பக்கம் தலைகாட்ட வேண்டியதில்லை. இதற்கு இன்னொரு குறியாக்க முறையான வயர்கார்டே போதுமே என்று சிலர் கேட்பார்கள். சொந்த இடங்களுக்கு மட்டும் என்றால் போதும்தான். கூட்டாளிகளின் ஃபயர்வால்கள் ஐபிசெக் மட்டுமே பேசுவதால், இரண்டு முறைகளை ஒரே நேரத்தில் பராமரிக்க எனக்கு மனமில்லை.

2024 டிசம்பரில் வந்த ஸ்ட்ராங்ஸ்வான் 6.0 பதிப்பில், குவாண்டம் கணினிக்கு ஈடுகொடுக்கும் எம்எல்-கெம் முறை சேர்ந்தது. ஊபி–சென்னை இணைப்பில் அதை ஓடவிட்டிருக்கிறேன். கூடுதல் சாவிப் பரிமாற்றம் என்பதால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் கூடுதல் சுற்று தேவைப்படுகிறது. ஒற்றை எஸ்ஏ ஜோடிக்கு அது கணக்கிலேயே வராது. கூட்டாளி நிறுவனத்தின் 20 ஜோடிகளுக்கு இன்னும் குழு 19தான். அவர்கள் ஃபயர்வாலை மாற்றும்போது, சப்நெட் ஜோடிக் கணக்கையும் சேர்த்து ஒழித்துவிடும்படி மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன்.