சோலைவரி: ஒரேயடியாகவா, காலாண்டாகவா?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வீடு, காணிக்காக மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரி வருடத்துக்கு 6,000 ரூபாய் என்று வைப்போம். ஜனவரி 31க்குள் முழுவதையும் கட்டினால் 10 வீதக் கழிவு, 5,400 போதும். காலாண்டுக்கு 1,500. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 வீதம் கழித்து 1,425, வருடத்துக்கு 5,700.

300 ரூபாய்தானே என்று விடாதீர்கள். காலாண்டாகக் கட்டினால் நான்கு திகதிகளை நினைவில் வைக்க வேண்டும். ஏப்ரல் 30 தப்பி மே மாதம் போனால் அந்தக் காலாண்டுக் கழிவு இல்லை. காலாண்டும் முடிந்தால் நிலுவை. பிறகு வாறண்ட் (நிலுவைக்காகப் பொருட்களைக் கைப்பற்றும் ஆணை) செலவும் சேரும்.

ஆனால் வயற்காரருக்கு ஜனவரி கையிறுக்கம், பெரும்போக அறுவடைக் காசு வந்திராது. அவர்களுக்குக் காலாண்டே தோது. மாதச் சம்பளக்காரர் பெப்ரவரியிலிருந்து மாதம் 450 ஒதுக்கினால், அடுத்த ஜனவரியில் 5,400 கையில் இருக்கும்.

கட்டியதும் பற்றுச்சீட்டில் வரி இலக்கத்தையும் காலாண்டையும் அங்கேயே பாருங்கள்.