மூன்று சக்கர நடைவண்டி: வாங்கலாம், ஆனால் வீட்டில் அரைமணி நேர வேலை இருக்கிறது

கோயில் வாசல் கடைகளில் சொப்பு சாமானுக்கும் பம்பரத்துக்கும் மேலே கயிற்றில் தொங்குமே, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு மர நடைவண்டி, அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவே முக்கோணச் சட்டம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. மூன்று கால் சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டித் திரிந்தது சங்க காலத்திலேயே உண்டு, எனவே புதுச் சாமான் இல்லை. ஒரு வயதை ஒட்டிய குழந்தை இருக்கும் வீட்டுக்கு இன்றைக்கும் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் இருந்து இறக்கியபடியே குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. தச்சர் விட்டுவைத்த வேலை கொஞ்சம் பாக்கி இருக்கும், அதை நாம்தான் முடிக்க வேண்டும்.

நடைவண்டி குழந்தைக்கு நடக்கச் சொல்லித்தரும் என்று நினைத்து எட்டாம் மாதமே வாங்கி வைக்கிறவர்கள் நிறைய. அது சொல்லித்தராது. தானே எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தைக்கு நடந்து பார்க்க ஒரு துணை, அவ்வளவுதான். கொடுக்கலாமா என்று பார்க்க ஒரு எளிய வழி: கட்டில் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி, இன்னொரு கையால் தரையில் கிடக்கும் பொம்மையை எடுத்துக்கொண்டு விழாமல் நிமிர்கிறதா? நிமிர்ந்தால் கொடுங்கள். இரண்டு கையும் விளிம்பிலேயே ஒட்டிக்கிடந்தால் இன்னும் சில வாரம் போகட்டும். தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்தில் இருந்து 17.6 மாதம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவீடு. பத்தாம் மாதம் நடந்த பக்கத்து வீட்டுக் குழந்தையும் பதினாறாம் மாதம் நடந்த நம் வீட்டுக் குழந்தையும் அதற்குள்தான் வருகிறார்கள். 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு நடைவண்டி மருந்தாகாது.

நடுவில் துணி இருக்கை வைத்த வட்டமான பிளாஸ்டிக் வாக்கரை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் குழந்தை நிற்பதில்லை, தொங்குகிறது. கால் விரல் நுனியால் தரையை உந்தி நகர்கிறது. முன்னால் இருக்கும் தட்டு மறைப்பதால் தன் பாதத்தையே பார்ப்பதில்லை. ஒரு விநாடியில் ஒரு மீட்டர் தூரம் ஓடிவிடும், பக்கத்திலேயே இருந்தாலும் எட்டிப் பிடிக்க முடியாது. மாடிப்படி, சமையல் மேடையில் இருந்து தொங்கும் குக்கர் வயர், மேசை விரிப்பு எல்லாம் திடீரென்று கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். கனடா 2004-இல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் தடை கேட்டுக்கொண்டிருக்கிறது. சீர்வரிசையில் வந்து சேர்ந்திருந்தால் சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள், அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டாம். நடைவண்டியில் குழந்தையின் எடை அதன் பாதத்திலேயே நிற்கிறது. கையை விட்டால் உட்கார்ந்துவிடும். வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

இனி வண்டியைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் சக்கரம். விலை குறைந்த வண்டிகளில் அச்சு என்று தனியாக ஒன்று இருக்காது. சக்கரத்தின் நடுவே ஒரு பெரிய ஆணியை அடித்துச் சட்டத்தில் நேராக இறக்கியிருப்பார்கள். பத்து நாள் ஓடினால் ஓட்டை பெரிதாகிச் சக்கரம் தள்ளாடும், ஆணித் தலை மெல்ல வெளியே வரும். ஒருநாள் சக்கரம் ஒரு பக்கமும் ஆணி ஒரு பக்கமும் கிடக்கும். எந்தப் பக்கம் கிடந்தாலும் போவது குழந்தையின் வாய்க்குத்தான். மரக் கட்டையையே அச்சாக வைத்து, முனையில் கடையாணி செருகிய வண்டி கிடைத்தால் பத்து இருபது ரூபாய் கூடக் கொடுத்து அதை எடுங்கள். ஆணி வண்டியே கிடைத்தால், ஆணியைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் போல்ட்டும் நட்டும் போடலாம். சக்கரத்துக்கு இரு பக்கமும் வாஷர், கடைசியில் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. சாதாரண நட்டு சக்கரம் சுற்றச் சுற்றத் தளர்ந்துவிடும். நட்டின் முனை உள்பக்கம் வரட்டும், மொழுமொழுவென்ற போல்ட் தலை வெளியே இருக்கட்டும்.

வாஷரை எத்தனை போடுவது என்பதில் ஒரு கணக்கு உண்டு. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்து 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 12 மில்லிமீட்டருக்கு மேல். இடைப்பட்ட சந்துதான் விரலை உள்ளே வாங்கிக்கொண்டு நசுக்கும். கடைச் சாமானில் பாதி இந்த இடைப்பட்ட ரகம்தான்.

சக்கரம் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் வழக்கம். இரண்டு நாளில் தூசியும் முடியும் சேர்ந்து கறுப்புப் பசையாகி இன்னும் இறுகிவிடும். மெழுகுவத்தித் துண்டை அச்சில் நன்றாகத் தேய்த்து மாட்டினால் போதும். மழைக்காலத்தில் மரம் ஊதிச் சக்கரம் சுற்ற மறுக்கும். அப்போது கழற்றி, ஓட்டையின் உட்புறத்தை உப்புத்தாளைச் சுருட்டி இரண்டு சுற்றுத் தேய்த்தால் சரியாகும். வெயிலில் போட்டுக் காயவைப்பது வேண்டாம், கட்டை வெடிக்கும்.

அடுத்து பிடி. கடை வண்டிகளில் தரையில் இருந்து பிடிவரை உயரம் கண்டபடி இருக்கும். 75 செ.மீ. உயரமுள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு 45 செ.மீ. சரியாக வரும், நிற்கும்போது முழங்கை மடங்கும் உயரம் அது. கூடினால் தோளைத் தூக்கிக்கொண்டு தொங்கும், குறைந்தால் குனிந்து தள்ளி முகம் குப்புற விழும். பிடியின் தடிமன் இரண்டரை செ.மீ. அளவில் இருந்தால் பிஞ்சு விரல்கள் சுற்றி வளைத்துப் பிடிக்கும்.

உயரத்தைவிடப் பிடி எந்த இடத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். உட்கார்ந்திருக்கும் குழந்தை எழுந்திருக்கப் பிடியைத்தான் இழுக்கும். பிடி பின் அச்சுக்குப் பின்புறம் சாய்ந்திருந்தால் முன்சக்கரம் தூக்கி, வண்டி மொத்தமும் குழந்தையின் மேல் கவிழும். பார்த்துத் தெரிந்துகொள்ள, இரண்டு கிலோ அரிசியை மஞ்சப்பையில் போட்டுப் பிடியில் தொங்கவிடுங்கள். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தால் அந்த வண்டி வேண்டாம். பிடி அச்சுக்கு மூன்று நான்கு செ.மீ. முன்னால் இருப்பதே நல்லது. அதற்கும் மேலே முன்னால் போனால் நடக்கிற குழந்தையின் கால் விரல் பின் கட்டையில் இடிக்கத் தொடங்கும்.

பக்கவாட்டில் கவிழ்வது மூன்று சக்கரத்துக்கே உரிய குறை. குழந்தை ஒரு கையில் மட்டும் அழுத்தித் திரும்பினால் அந்தப் பக்கம் சாயும். பின் சக்கரங்களுக்கு நடுவே ஒரு அடிக்கும் குறைவாக இருந்தால் இது அடிக்கடி நடக்கும். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய பரிகாரம் இல்லை, வாங்கும்போதே அளந்து வாங்குவதுதான்.

பழைய சிமெண்ட் தரையில் நன்றாக நடந்த வண்டி இன்றைய வழவழ டைல்ஸில் வழுக்கி ஓடுகிறது. குழந்தை தள்ளுவதற்குள் வண்டி முன்னே போய்விட, குழந்தை நீட்டி விழுகிறது. இரண்டு வேலை செய்யலாம். பஞ்சர் கடையில் பழைய ஸ்கூட்டர் டியூப் கேட்டு வாங்கி, சக்கரத்தின் கனத்துக்கு வளையம் வளையமாக வெட்டிச் சக்கரத்தின் மேல் இழுத்து மாட்டுங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு அது கச்சிதமாக இறுகும். சைக்கிள் டியூப் சின்னது, இழுத்தால் கிழியும். வளையம் மாட்டியதும் சக்கரம் உருளும், வழுக்காது, கீழ்வீட்டுக்காரருக்குக் கடகட சத்தமும் குறையும். இன்னொன்று எடை. முக்கோணச் சட்டத்தின் முன்பகுதியில் ஒரு கிலோ மணல் போட்டுத் தைத்த துணிப்பையைக் கட்டிவிட்டால் வண்டி நிதானப்படும். நடை உறுதியான பிறகு பையை அவிழ்த்துவிடலாம். குழந்தையை வெறும் காலோடுதான் விட வேண்டும்; சாக்ஸ் போட்டு டைல்ஸில் விட்டால் இத்தனை வேலையும் வீண்.

பெயிண்ட் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கலாம். பல் முளைக்கும் வயது. எல்லாக் குழந்தையும் பிடியைக் கடிக்கும். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2017 நவம்பர் முதல் விதி இருக்கிறது. ஆனால் இயந்திரத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் அடிக்கும் தொழிற்சாலைப் பெயிண்ட் அந்த விதிக்குள் வராது. சிறு பட்டறையில் எந்த டப்பாவைத் திறந்தார்கள் என்று யார் கண்டது? ஈரத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் சாயம் போகாததால் ஈயம் இல்லை என்றாகிவிடாது. எங்கள் கட்சி சாயமே பூசாத வெறும் மரம், அல்லது கடைசல் பட்டறையில் அரக்கு ஏற்றிய மரம். பளபள எனாமல் வண்டியே கிடைத்தால் பிடிக் கட்டையை மட்டுமாவது கழற்றிவிட்டு, வேறொரு வெறும் கட்டை கடைந்து போட்டுவிடலாம். பெயிண்டை வீட்டுக்குள் வைத்துச் சுரண்ட வேண்டாம், அந்தத் தூசிதான் கடித்துத் தின்பதைவிட மோசம்.

ஐஎஸ்ஐ முத்திரை? 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு, அதனால் கோயில் வாசல் வண்டியில் முத்திரையைத் தேடிப் பயனில்லை. தொழிற்சாலையில் செய்து பெட்டியில் வரும் நான்கு சக்கரத் தள்ளுவண்டிகளில் கட்டாயம் தேடுங்கள்.

சிராம்பு இருக்கிறதா என்று கையால் தடவினால் தெரியாது, நம் உள்ளங்கை காய்த்துப்போனது. ஒரு கை பஞ்சை எடுத்து எல்லா விளிம்பிலும் தேய்த்துக்கொண்டே போங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே 120 எண் உப்புத்தாள், பிறகு 220. குறிப்பாகக் குறுக்குக் கட்டையின் அடிப்பக்கம். கடையில் கண்ணுக்குத் தெரிகிற மேல்பக்கம் மட்டும்தான் வழவழப்பாக இருக்கும்.

சில வண்டிகளில் அழகுக்காகச் சலங்கை மணியும் கடைந்த குமிழும் தொங்கும். அவற்றை வெட்டி எடுத்துவிடுங்கள். எது ஆபத்து என்று சந்தேகம் வந்தால், ஒரு தபால் அட்டையில் 3.2 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் போட்டு ஓட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திருப்பியாவது அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குள் கையில் இருக்கக் கூடாது. உருண்டையான பொருளுக்கு இன்னும் கூடுதலாக, 4.5 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்பு சாமான் எத்தனை அழகாக இருந்தாலும் அதில் உள்ள குட்டிக் கரண்டியும் மூடியும் இந்த ஓட்டையில் சரசரவென்று விழும்.

இத்தனை குறை சொல்லியும் ஏன் வாங்கச் சொல்கிறோம் என்றால், நடக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த வண்டிக்கு உண்மையான வேலை வருகிறது. முன்சக்கரம் திரும்பாது, நேராகத்தான் போகும். சுவரில் முட்டி நிற்கும். முதல் சில நாள் குழந்தை நம்மைப் பார்த்துக் கத்தும். உடனே ஓடிப்போய்த் திருப்பி விடாமல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். பின்னால் இழுத்துப் பார்க்கும், பக்கவாட்டில் உதைக்கும், ஒருநாள் முன்பக்கமாக நடந்து வந்து முனையைத் தூக்கித் திருப்பும். எல்லாப் பக்கமும் திரும்பும் உருளை வைத்த விலை உயர்ந்த வண்டியில் இந்தப் புதிரே கிடையாது.

ஒன்றரை வயதுக்குமேல் சட்டத்தின் மேல் ஒரு ஆழமில்லாத மூங்கில் கூடையைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் அது சரக்கு வண்டி. சமையலறையில் இருந்து நாலு பெரிய வெங்காயம், ஒரு தேங்காய், கூடத்துக்கு. கூடத்தில் இருந்து திரும்பவும் சமையலறைக்கு. தேங்காய் உருளும், வெங்காயத் தோல் உதிரும், கூடை நிறைந்தால் வண்டி கனக்கும், ஒரு பக்கம் ஏற்றினால் சாயும். ஏற்றி இறக்குவதே இந்த வயதின் முழுநேரத் தொழில், அதற்கு இதைவிட நல்ல சாதனம் ஆயிரம் ரூபாய்க்குள் இல்லை. கட்டும் கயிற்றின் தொங்கல் ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது, கழுத்தில் சுற்றும். வண்டியின் முன்னால் கயிறு கட்டி, பிள்ளை பிடித்திருக்கும்போதே பெரியவர்கள் இழுத்து விளையாட்டுக் காட்டுவதும் கூடாது. குழந்தை வண்டியின் வேகத்துக்கு ஓட முடியாமல் விழும்.

மாடிப்படிக்கும் போர்ட்டிகோ சரிவுக்கும் மரக் கதவு போட்டுத் தடுத்த வீட்டில் மட்டும் ஓட விடுங்கள். நிலைப்படியில் முன்சக்கரம் தட்டினால் வண்டி முன்னால் குப்புறக் கவிழும்.

ஊரில் தச்சர் இருந்தால் செய்யச் சொல்லி வாங்குவதே எங்கள் முதல் தேர்வு. அளவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்: நீளம் 50 செ.மீ., பின் சக்கர அகலம் 35, சக்கர விட்டம் 10, பிடி உயரம் 45, பிடி அச்சுக்கு 3 செ.மீ. முன்னால். மாமரமோ வேம்போ போதும், தேக்கு எல்லாம் வீண் செலவு. பசையும் மர முளையும் வைத்து இணைக்கச் சொல்லுங்கள், ஆணி வேண்டாம். அடுத்து கோயில் வாசல் கடை, ஆனால் மேலே சொன்ன அரிசிப்பைச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்துவிட்டு. இணையத்தில் விற்கும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வண்டிகள் படத்தில் நன்றாக இருக்கும். ஈரத் துணியால் நாலு முறை துடைத்தால் ஓரம் ஊதிப் பிரியும், ஸ்க்ரூ பிடிக்காது.

அடுத்த குழந்தைக்கோ அண்ணன் வீட்டுக்கோ கொடுக்கும்போது நட்டுகளை இறுக்கி, கடையாணியை அசைத்துப் பார்த்து, பஞ்சை ஒருமுறை விளிம்பெங்கும் ஓட்டிவிட்டுக் கொடுங்கள். டியூப் வளையத்தை மட்டும் புதிதாக வெட்டிப் போடுங்கள், பழையது நாளாவட்டத்தில் வெடித்துத் துண்டு துண்டாக உதிரும்.