குழலைத் தொடாமல் வேகம் சொல்லும் பெட்டி: கார்மின் ஸீரோ சி1 ப்ரோ

நூறு கஜத்தில் ஒரே ஓட்டையாகச் சுடும் ரைபிள், ஆயிரம் கஜத்துக்குப் போனதும் மேலும் கீழுமாக இழுக்கிறது என்று யாராவது சொன்னால், ‘குண்டின் வேகத்தை அளந்தீர்களா?’ என்றுதான் முதலில் கேட்பேன். பக்கவாட்டில் சிதறினால் காற்று. மேல்கீழாகச் சிதறினால் பெரும்பாலும் வேகம். அதை அளக்க நான் இப்போது நம்பி வைத்திருப்பது கார்மின் ஸீரோ சி1 ப்ரோ. 2023 இறுதியில் வந்த, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன டாப்ளர் ரேடார்; பறக்கும் குண்டில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையின் மாற்றத்தை வைத்து வேகம் சொல்லும்.

வேகத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், கணக்கு அப்படி. 6.5 கிரீட்மோர் என்ற வகைத் தோட்டா போடும் ரைபிளில் 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு வினாடிக்கு 825 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 3 மீட்டர் குறைந்தால் 100 கஜத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும், கண்ணுக்கே தெரியாது. 1000 கஜத்தில் சுமார் 7 செ.மீ. இறங்கிவிடும். ஒரே பெட்டித் தோட்டாக்களுக்குள் 9 மீட்டர் வித்தியாசம் இருந்தால் உயரத்தில் மட்டும் 20 செ.மீ. போச்சு. எஃப்-கிளாஸ் என்னும் தொலைதூர ரைபிள் போட்டியில் 1000 கஜ இலக்கின் பத்துப் புள்ளி வட்டமே 10 அங்குலம், அதாவது 25 செ.மீ.தான். உள்ளே இருக்கும் எக்ஸ் வட்டம் அதில் பாதி. காற்றுக்கும் கைக்கும் என்ன மிச்சம் இருக்கிறது, சொல்லுங்கள்.

வேகம் அளக்கும் கருவிகள் முன்பும் இருந்தன. ஒளியை வைத்து அளக்கும் வகையை குழலுக்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். அதற்கு வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் சுடுவதை நிறுத்த வேண்டும். வெயில் மேகம் மாறினால் எண்ணும் ஆடும். குழலிலேயே கட்டிக்கொள்ளும் வகை வேகத்தைச் சரியாகத்தான் சொல்லும். ஆனால் குழல் நுனியில் எடை ஏறியதும் அதன் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். அதனால் வேகம் பார்க்க ஒரு தடவை, குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்ற குரூப்பிங் பார்க்க இன்னொரு தடவை என்று தனித்தனியாகச் சுட வேண்டியிருந்தது. எந்தக் குண்டு எந்த வேகத்தில் எங்கே விழுந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

ஸீரோ ரைபிளைத் தொடுவதே இல்லை. சின்ன முக்காலியில் ஏற்றி, குழலிலிருந்து ஒரு சாண் தள்ளி, குழல் வாய்க்குக் கொஞ்சம் பின்னால், இலக்கைப் பார்த்து வைத்தால் போதும். குறி பார்த்து நிறுத்தும் தொந்தரவு இல்லை. மசில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்க, வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் குழல் நுனித் துண்டு) போட்ட ரைபிள் என்றால் இன்னும் பின்னுக்குத் தள்ளி வையுங்கள், அந்தக் காற்றுவீச்சில் முக்காலி கவிழும். பக்கத்தில் படுத்துச் சுடுபவரின் குண்டுகள் என் பட்டியலில் ஏறுமோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஏறவில்லை.

இதன் உண்மையான பலன் எங்கே தெரியும் என்று ஒரு குரூப்பை வைத்தே சொல்கிறேன். திரையில் வந்த வேகங்கள்: 826, 824, 827, 825, 818, 826. ஆயிரம் கஜத்தில் நாலாவதும் ஐந்தாவதும் கீழே விழுந்தன, மற்ற நாலும் ஒன்றாக மேலே. ஐந்தாவதற்குக் காரணம் திரையிலேயே இருக்கிறது: மற்றவற்றைவிட 7, 8 மீட்டர் மெதுவு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியாக வேண்டும், அப்படியே இறங்கியிருந்தது. அந்தத் தோட்டாவின் வெடிமருந்து எடை, குண்டைப் பிடித்திருக்கும் கேஸ் (பித்தளைக் கூடு) கழுத்தின் பிடிமானம், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மூன்றையும் பார்க்க வேண்டும். நாலாவதில் வேகம் 825. மருந்தின் மேல் பழி போட வழியே இல்லை. அது பிடியில் வந்த வித்தியாசம், இல்லையென்றால் காற்றின் வேலை. காகிதத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள், ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துக் காட்டியதற்காகவே இந்தப் பெட்டியைக் கொண்டாடுவேன்.

வேகம் குறைந்த குண்டு எப்போதும் கீழேதான் விழும் என்றும் இல்லை. சுடும்போது குழல் நுனி மேல்நோக்கி எழுந்துகொண்டிருந்தால், மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக, சற்று அதிகக் கோணத்தில் வெளியேறும். தொலைவில் வேகக் குறைவும் கோண உயர்வும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பழைய லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் 900, 1000 கஜத்தில் பெயர் வாங்கியது இந்தக் குணத்தால்தான். உங்கள் ரைபிளில் இது நடக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு குண்டுக்கும் வேகமும் விழுந்த இடமும் சேர்ந்தே வேண்டும். அதை இவ்வளவு சுலபமாக முன்பு எடுக்க முடியாது.

அப்புறம், திரையில் வரும் எஸ்.டி. (ஸ்டாண்டர்டு டீவியேஷன்) எண், அதாவது வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. ஐந்து குண்டு சுட்டதும் ‘எஸ்.டி. 3’ என்று பார்த்துவிட்டு ஆனந்தப்படுபவர்களிடம் நான் விடாமல் வாதாடுகிறேன். ஐந்து குண்டில் 3 வந்தால், உண்மையான எஸ்.டி. 1.8-ஆகவும் இருக்கலாம், 8.6-ஆகவும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கைக்கு அதுதான் எல்லை. இருபது குண்டு சுட்டால் அந்த இடைவெளி 2.3-லிருந்து 4.4 வரை சுருங்கும். எண்களை எடுப்பது இப்போது எளிதாகிவிட்டது, ஆகவே குறைந்தது இருபது குண்டாவது சுடுங்கள்.

இது சொல்வது குழல் வாயை விட்டுக் கிளம்பும் வேகத்தை மட்டும்தான். வழியில் குண்டு எவ்வளவு வேகம் இழக்கிறது என்று சொல்லாது. அதற்குத் தொலைவில் நிஜமாகச் சுட்டு, இறக்கத்தை அளந்து, குண்டின் பாதையைச் சொல்லும் பாலிஸ்டிக் கணக்கைத் திருத்தியாக வேண்டும். பேட்டரி உள்ளேயே இருக்கிறது, கழற்றி மாற்ற முடியாது. ஆகவே முந்தின இரவே சார்ஜ் போட்டுவிடுவது நல்லது. மழையில் நனைந்தால் பயமில்லை. போனில் இருக்கும் ஆப்புக்கு எல்லாம் தானாகப் போய்ச் சேரும். குளிர்ந்த குழலில் சுட்ட முதல் குண்டைத் தனியாகக் குறித்து வைக்கவும் முடியும். அந்த வசதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

முந்நூறு கஜத்துக்குள்ளேயே சுடுகிறவர்களுக்கு இது தேவையில்லை. அந்தப் பணத்தைத் தோட்டாவில் போடலாம். கடைத் தோட்டாவை மட்டும் வைத்துத் தூரம் போகிறவர்கள் ஒரு தடவையாவது தங்கள் குழலில் அளக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் வேறொரு நீளக் குழலில் எடுத்தது. அவர்களுக்கு நண்பரிடம் இரவல் வாங்கினாலே போதும். தோட்டாவைத் தாங்களே நிரப்பி ஆயிரம் கஜம் சுடுகிறவர்கள், நல்ல தராசு வாங்கியதும் அடுத்ததாக இதைத்தான் வாங்க வேண்டும்.