போர்வெல் தண்ணிக்கு எந்தச் சிக்லிட் மீன்? மலாவியா, டாங்கனிகாவா, அமேசானா?

அக்கா பையன் தொண்டாமுத்தூர் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோன கையோடு கேட்டான்: "மாமா, மீன்தொட்டி வைக்கலாம்னு இருக்கறனுங்க. ஆப்பிரிக்கன் சிக்லிட் வாங்கட்டுமா, ஏஞ்சல் வாங்கட்டுமா?" நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உங்க குழாயில வர்றது சிறுவாணித் தண்ணியா, போர்வெல் தண்ணியா?"

கோவைக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. சிறுவாணித் தண்ணீர் மழைக்காட்டிலிருந்து வருவது; உப்பு மிகக் குறைவு, பருப்பு சட்டென்று வேகும். போரில் வரும் சப்பைத் தண்ணியோ வாளியைச் சுற்றி வெள்ளை படிய வைக்கும். மதுக்கரை சுண்ணாம்புக்கல்லையும் தோட்டத்துச் சுக்கான்கல்லையும் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். சிக்லிட் என்னும் மீன் குடும்பத்தில் பெயரிடப்பட்டவை மட்டும் 1,700 இனங்களுக்கு மேல். அவற்றில் சில முதல் தண்ணீருக்குப் பிறந்தவை, சில இரண்டாவதற்கு.

இத்தனை இனங்கள் எப்படி வந்தன? சிக்லிட்டுக்குத் தொண்டைக்குள் இன்னொரு ஜோடி தாடை உண்டு. அரைக்கிற வேலையை அது பார்த்துக்கொள்வதால், வெளிவாய் இரைக்கேற்ற எந்த வடிவத்துக்கும் மாற முடிந்தது. ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் மற்ற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னும் ஒரு சிக்லிட் இருக்கிறது. அதில் சிலவற்றுக்கு வாய் இடப்பக்கம் கோணியிருக்கும், சிலவற்றுக்கு வலப்பக்கம். பின்னாலிருந்து வந்து ஒரு பக்கச் செதிலைப் பிய்ப்பதற்குத்தான் அந்தக் கோணல்.

சரி, மலாவி. இதுவும் ஆப்பிரிக்க ஏரிதான். கடையில் 'ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்று மஞ்சளும் நீலமுமாக நிற்பவை பெரும்பாலும் இந்த ஏரியின் பாறை மீன்கள், அதாவது முபுனா. போர் தண்ணி இவற்றுக்குப் பொருந்தும். கல்லில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை என்பதால் புழு, மாட்டிதயம் எல்லாம் போட்டால் வயிறு உப்பிச் சாகும். குறைந்தது 4 அடித் தொட்டி வேண்டும், சண்டையும் ஓயாது. ஆனால் ஒரு பெண்மீன் முட்டையை வாயில் அடைகாப்பதைப் பார்த்துவிட்டால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கீழ்த்தாடை பை போலத் தொங்க, அசைபோடுவது போல முட்டைகளைப் புரட்டிக்கொண்டு கல்லிடுக்கில் நிற்கும். இரை போட்டதும் மற்றவை பாயும், இது அசையாது. கிட்டத்தட்ட 3 வாரம் பட்டினி.

நான் முதலில் 'மிக்ஸ்' என்று விற்ற குட்டிகளை வாங்கினேன். ஒரு வருடத்தில் சாம்பல் நிறக் கலப்பினங்கள்தான் மிஞ்சின. மலாவியில் 800க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கலாம் என்கிறார்கள். பரிணாமக் கணக்கில் எல்லாமே மிகச் சமீபத்தில் பிரிந்த பங்காளிகள். பல இனங்களைப் பிரித்து வைப்பது பெண்மீனின் நிறத் தேர்வுதான். தொட்டியில் தன் இனத்து ஆண் இல்லாவிட்டால் கிடைத்ததோடு சேரும். ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியான விக்டோரியாவில் தண்ணீர் கலங்கி நிறம் தெரியாமல் போன இடங்களில் இதே கலப்பு நடந்திருக்கிறது. அதோடு, அங்கே 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற பெரிய மீன் பல சிக்லிட் இனங்களை வேட்டையாடித் தீர்த்தது. அந்த அழிவை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

அதனால்தான் தொட்டி மீனை ஒருபோதும் குளத்தில் விடாதீர்கள் என்கிறேன். பவானிசாகரில் வலை போட்டால் வரும் ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

அமேசான் பக்கம் போனால் எல்லாம் தலைகீழ். அங்கத்திய சிக்லிட்டுகளான ஏஞ்சலும் டிஸ்கஸும் உப்பு குறைந்த, லேசாகப் புளித்த தண்ணீருக்கானவை. வேர்களுக்கும் செடிகளுக்கும் இடையில் நுழைந்து போகத் தோதாகத் தட்டையான உடல். சிறுவாணிக் குழாய் இருந்தால் ஒரு நாள் பிடித்துவைத்து, குளோரின் போன பிறகு தைரியமாக ஏஞ்சல் விடலாம். டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தகப்பன் தோலில் சுரக்கும் கோழையைத் தின்று வளர்வது பார்க்க அற்புதம். ஆனால் அதற்கு 28 டிகிரிக்குக் குறையாத சூடும் அடிக்கடி தண்ணீர் மாற்றும் பொறுமையும் வேண்டும். மார்கழிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் ஆகாது. முதல் தொட்டிக்கு வேண்டாம்.

போர் வீட்டுக்கு என் ஓட்டு டாங்கனிகாவுக்குத்தான். அந்த ஏரியின் வயது 90 லட்சம் ஆண்டுகளுக்கு மேல், ஆழம் 1,470 மீட்டர். சிக்லிட் இனங்கள் 250 அளவில்தான், ஆனால் உருவத்திலும் வாழ்முறையிலும் மலாவியை மிஞ்சும். சுண்ணாம்புச் சத்துள்ள காரத் தண்ணீர் என்பதால் செத்த நத்தைகளின் ஓடு கரையாமல் அடியில் குவிந்து கிடக்கிறது. அந்த ஓட்டுக்குள் குடியிருக்கவே சில இனங்கள் குள்ளமாகிவிட்டன. ஒரு இனத்தில் ஆண் ஓடுகளைத் தூக்கி வந்து சேர்க்கும். அந்த ஆணின் எடை, ஓட்டுக்குள் அடங்கும் பெண்ணைப்போல சராசரியாக 12 மடங்கு இருக்கும்.

இப்படி ஓட்டுக்குள் வாழும் குட்டிச் சிக்லிட்டுகளில் வீட்டுக்கு ஏற்றது 'மல்டி'. பெண் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூட, ஆண் இரண்டு அங்குலத்துக்குள். 2 அடித் தொட்டி போதும். சாயப்பட்டறைப் பக்கத்து போர் என்றால் மட்டும் அந்தத் தண்ணீரை நம்பாதீர்கள்.

அக்கா பையன் வீட்டில் போர்தான். ஏரி ஓடு இங்கே கிடைக்காது என்பதால் காளிங்கராயன் வாய்க்கால் ஓரம் காலி நத்தை ஓடுகளைப் பொறுக்கி, கொதிக்க வைத்துக் கழுவி, 3 அங்குல மணல்மேல் வைத்தோம். 8 மீனுக்கு 20 ஓடு. மாலையில் மீனை விட்டோம். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டான்: "மாமா, வாய் நிறைய மண்ணை அள்ளி அள்ளித் துப்பிட்டே இருக்குதுங்க." மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஓடுகள் மணலுக்குள் புதைந்து வாய்ப்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. ஒன்றிலிருந்து இரண்டு நீலக் கண்கள் எட்டிப் பார்த்தன.