ஐந்துக்கு அரை நட்சத்திரம், அதுவும் அரிசிக்காக

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்பூட்டில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் நடக்கும் அருள்வாக்கு நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாமா இறந்த பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த என் அத்தையை, சொந்தக்காரர்கள் நாங்கள் தீபாவளிக்குத் தீபாவளி எட்டிப் பார்த்ததோடு சரி. இவர்கள் ஐந்து கிலோ அரிசியோடு வந்தார்கள். "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று தினமும் போன் செய்தார்கள். மூன்று மாதம் ஒரு காசு கேட்கவில்லை.

நான்காவது மாதம் நிலையத்தில் அருள்வாக்கு சொல்லும் ஐயா வாக்கு சொன்னார்: மாமாவின் ஆத்மா அடங்கவில்லை, அடுத்து மகனைத்தான் பிடிக்கும். பரிகாரத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை. பிளாஸ்டிக் உறை போட்டு, பன்னிரண்டு கட்டம். வெள்ளிக்கிழமைதோறும் 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் ஒரு கட்டத்தில் ஓம் முத்திரை குத்துவார்கள். பபிள் டீ கடையில் பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று அட்டை தருவார்களே, அதே மாதிரி, இங்கே இலவசம் மட்டும் கிடையாது, அட்டை முடிந்தால் அடுத்த அட்டை. அத்தை துப்புரவு வேலைக்குப் போகிறார், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அவ்வளவுதான் வரும்படி.

எனக்கு வயிறு எரிந்தது இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி விஷயத்தில்தான். 2024 மே மாதம் அதில் மூன்றாவது கணக்கு என்று ஒன்று வந்ததிலிருந்து, 55 வயது ஆகாதவர்கள் அதில் இருக்கும் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி. அத்தைக்கு 53. இபிஎஃப் செயலியைத் திறக்கக்கூட அவருக்குத் தெரியாது, நிலையத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்து அழுத்த வைத்திருக்கிறாள். அங்கேயும் 50, கட்டத்துக்கும் 50. கணக்குத் தெரிந்த சாமி.

ரசீது கேட்டேன். "நம்பிக்கைக்கு ரசீதா, தம்பி?" என்று ஐயா சிரித்தார். மேசையில் அனாதை இல்லத்துக்கென்று ஓர் உண்டியல் வேறு. 2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலானில் 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீஸ் மீட்ட பிறகு, யார் இல்லம் என்று சொன்னாலும் சமூக நலத் துறைப் பதிவு எண்ணைக் கேட்பது என் வழக்கம். கேட்டேன். மறுநாளே அத்தையிடம், "உங்க அண்ணன் மகன் மேல ஏதோ இருக்கு, வீட்டுக்குள்ள விடாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தை ஏமாளி இல்லை, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 20 காசுக்குப் பேரம் பேசுகிறவர். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அவருக்குப் போன் செய்ய வேறு யார் இருந்தோம்? போலீசில் புகார் கொடுக்கலாம் என்றால், "நானாத்தானே கொடுத்தேன்" என்கிறார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் அரிசி வாங்கிக்கொண்டு போகிறேன். கதவைத் திறப்பார், சங்கிலியைக் கழற்ற மாட்டார். போன வாரம் அந்த இடுக்கு வழியாக ஐஸ் பெட்டி தெரிந்தது. அதன் மேல் காந்தத்தில் ஒட்டியிருந்தது மூன்றாவது அட்டை, ஏழு கட்டம் முடிந்திருந்தது.