வாயசைத்த டீச்சர்

நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தப்புவது கஷ்டம். கொழும்பில் நான் முதன்முதல் படிப்பித்தது சிங்களப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் சேர்ந்த ஒரு பாடசாலையில். காலை ஒன்றுகூடலில் தேசிய கீதம் சிங்களத்தில்தான். எனக்கு முதல் இரண்டு வரிக்கு மேல் தெரியாது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் முன்வரிசையில் நின்ற பிள்ளையொன்று வகுப்புக்குள் வந்ததும் கேட்டது: "டீச்சர், உங்கட வாய் பாட்டோட சேரேல்லையே?"

தெரியாத பாட்டுக்கு வாயசைத்ததற்கே பிடிபட்டேன். பாடசாலைகளில் ஆசிரியர்களும் நாட்டுக்கான உறுதிமொழியைத் தினமும் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும். மனம் ஒப்பாத உறுதிமொழியைத் தினமும் சொல்லச் சொன்னால் என்ன ஆகும்? பாட்டு நாட்டைப் பற்றியது, உறுதிமொழியோ என்னைப் பற்றியது. அதில் "நான்" என்றோ "நாம்" என்றோ ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லுகிறவர் தன்னையே பிணை வைக்கிறார்.

சிங்கப்பூரில் படிப்பிக்கும் என் பெறாமகளுக்கு இந்தக் கவலையெல்லாம் விளங்குவதில்லை. "பெரியம்மா, அது ஒரு நிமிஷ வேலை. நெஞ்சில கையை வச்சுச் சொல்லிப்போட்டு வகுப்புக்குப் போயிடுவம்" என்பாள். அங்கே 1966 முதல் பாடசாலைகளில் உறுதிமொழி சொல்லப்படுகிறது. எழுதியவர் எஸ். ராஜரத்தினம், 1915 இல் எங்கள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றுபட்ட மக்களாக இருப்போம் என்கிறது அது. தமிழிலும் இருக்கிறது. அந்த வாசகத்தில் நான் பிழை பிடிக்க மாட்டேன். சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற இடத்தில்தான் சிக்கல். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஓர் ஆசிரியர், அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், தன் மதநம்பிக்கையைக் காட்டி, கீதமும் பாட மாட்டேன், உறுதிமொழியும் சொல்ல மாட்டேன் என்றார். வேலை போனது. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. உறுதிமொழி எடுப்பது மதச் சடங்கு அல்ல என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

இந்த வழியில் ஒரு நன்மை உண்டு: ஒளிவுமறைவு இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி, வேலைக்குச் சேரும்போதே தெரியும். ஆனால் அவர் எப்படிப் படிப்பித்தார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லாமல் போய்விட்டது. எனக்கு உறுத்துவது அதுதான்.

அமெரிக்காவில் கதை வேறு. மாணவர்களைக் கொடிவணக்கத்துக்கும் உறுதிமொழிக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1943 இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, சொல்லிவிட்டது. ஆசிரியர் விஷயம் பிறகுதான் வந்தது. நியூயோர்க் மாநிலத்தில் சூசன் ருசோ என்ற சித்திர ஆசிரியை, உறுதிமொழி நேரத்தில் எழுந்து நிற்பார், வாய் திறக்க மாட்டார். வகுப்பில் கூட இருந்த மூத்த ஆசிரியர் சொல்லிக் கொடுக்க, பிள்ளைகள் சொன்னார்கள். அம்மாவை வேலையால் நிறுத்தினார்கள். 1972 இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

இதோடு நிறுத்தினால் கதை பாதிதான். 1979 இல் சிக்காகோவில் இன்னொரு வழக்கு. பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவர், தன் மதநம்பிக்கையைக் காட்டி உறுதிமொழியைச் சொல்லித்தரவும் மாட்டேன், தேசப்பாட்டுகளும் படிப்பிக்க மாட்டேன், லிங்கன் பிறந்தநாள் பாடமும் எடுக்க மாட்டேன் என்றார். அவர் தோற்றார். பாடத்திட்டம் ஆசிரியரின் சொந்தச் சொத்து அல்ல என்பதுதான் சாரம்.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்று தெரியும். படிப்பிப்பது வேலை, அதற்குத்தான் சம்பளம். சைவசமயப் பாடத்தைப் படிப்பிக்கும் கிறிஸ்தவ டீச்சரை நான் பார்த்திருக்கிறேன். தேவாரத்தைப் பிழையில்லாமல் சொல்லிக்கொடுப்பார், யாரும் அவரைத் திருநீறு பூசச் சொல்லவில்லை. உறுதிமொழியின் சொற்களை முதலாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடு என்றால் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். அதை உன் சொந்த வாக்காகச் சொல் என்பது வேறு சங்கதி.

ஜப்பானில் இந்தக் கோடே அழிந்துவிட்டது எனலாம். டோக்கியோ கல்விச் சபை 2003 ஒக்ரோபரில் போட்ட உத்தரவின்படி, விழாக்களில் ஆசிரியர்கள் கொடியைப் பார்த்து எழுந்து நின்று கீதம் பாட வேண்டும். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அதற்கும் முன்னால் ஒரு சங்கீத ஆசிரியை, கீதத்துக்குப் பியானோ வாசிக்க மறுத்தார். அதிபர் ஒலிநாடாவைப் போட்டுச் சமாளித்தார், விழாவும் நடந்தது. ஆனாலும் ஆசிரியைக்குக் கண்டனம். 2007 இல் உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. எழுந்து நிற்கச் சொல்லும் உத்தரவையும் 2011 இல் ஏற்றது. அடுத்த ஆண்டே, சம்பளவெட்டு, பணிநிறுத்தம் போன்ற பெரிய தண்டனைகளுக்குப் போகுமுன் யோசியுங்கள் என்றது. தடி சரி, அடி மெல்ல என்ற மாதிரி.

இந்தியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே உறுதிமொழி 1962 இல் தெலுங்கில் எழுதப்பட்டது. கேரளாவில் கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகளை விலக்கியது பிழை என்று உச்ச நீதிமன்றம் 1986 இல் சொன்னது. எழுந்து நில், பாடாமல் இரு. ஏறக்குறைய ருசோவின் வழி.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். நான் படிப்பித்த பாடசாலைகளில் தினசரி உறுதிமொழி இருக்கவில்லை. அதற்குப் பதிலாக நியமனத்தோடு ஒரு சத்தியம். அரச ஊழியர் என்ற முறையில் அரசியலமைப்பைக் காப்பேன் என்பது ஒன்று. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்துக்குப் பிறகு, தனிநாட்டை எந்த வகையிலும் ஆதரிக்க மாட்டேன் என்பது இன்னொன்று. 1976 இல் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியதும் வட்டுக்கோட்டையில்தான் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரே ஊர், ஒரு பக்கம் சிங்கப்பூர் உறுதிமொழி, மறுபக்கம் எங்கள் சத்தியத்துக்கான காரணம். தமிழர் விடுதலைக் கூட்டணி நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தச் சத்தியத்தை எடுக்காமல் ஆசனங்களை இழந்தார்கள். நான் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வதும் அதிகம்: படிவம் சிங்களத்தில் இருந்தது, லிகிதர் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

அப்படியிருந்தும், ஒருமுறைச் சத்தியமா தினசரி உறுதிமொழியா என்றால் நான் முன்னதையே எடுப்பேன். படிவம் என் மொழியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சத்தியம் செய்யவா உறுதிசெய்யவா என்று தெரிவு செய்ய அதில் இடம் உண்டு. அப்புறம் அது பெரியவருக்கும் அரசுக்கும் இடையிலான காரியம், பிள்ளைகள் முன்னால் நடப்பதில்லை.

தினசரி உறுதிமொழி வந்தே தீரும் என்றால் ருசோவின் வழிதானே நல்லது என்று கேட்கலாம். கடதாசியில் நல்லது. எங்கள் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. பேச்சுரிமைக்குப் போடக்கூடிய மட்டுப்பாடுகள்கூட அதற்கு இல்லை. ஆனால் போர்க்காலக் கொழும்பில், தமிழர் என்பதால் பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போன காலத்தை நான் கண்டவள். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினால் சோதனைச்சாவடியில் இறங்கி நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் சிங்கள டீச்சர் ஒருவர் வாய் திறக்காமல் நின்றால் தொண்டை சரியில்லை என்றிருப்பார்கள். நான் நின்றிருந்தால்? ஒரு முஸ்லிம் டீச்சர் 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நின்றிருந்தால்? சொல்லாமல் நிற்கும் உரிமை எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அதனால்தான் அந்த உரிமையை எழுதிக் கொடுத்தாலும் நான் வாயசைத்திருப்பேன்.

ஆகவே என் தெரிவு கொஞ்சம் வேறு. உறுதிமொழியை மாணவத் தலைவர்கள் மைக்கில் சொல்லட்டும், மற்றப் பிள்ளைகள் விரும்பினால் கூடச் சொல்லட்டும். ஆசிரியர்கள் எல்லோரும், அதிபர் உட்பட, பின்னால் எழுந்து நிற்கட்டும், ஒருவரும் சொல்ல வேண்டாம். எல்லோரும் சும்மா நிற்கும்போது யார் சும்மா நிற்கிறார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அதிபர்மார் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும்.

அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன், எனக்குப் பாட்டுத் தெரியாது என்று. அடுத்த நாள் கொப்பித் தாள் ஒன்றில் முழுக் கீதத்தையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்தது. பஸ்ஸில் வைத்துப் பாடமாக்கினேன். ஒரு சொல்லை அது பிழையாக எழுதியிருந்தது. நான் இன்றைக்கும் அந்தப் பிழையோடுதான் பாடுகிறேன்.